குளத்துக்கு எழுதிய பத்திரம்

விராலை அடித்துத்தான் கொல்ல வேண்டும். கெண்டையைக் கரையில் போட்டால் கொஞ்ச நேரம் துள்ளிவிட்டுத் தானே அடங்கிவிடும். விரால் அடங்காது. சேற்றோடு சேறாகக் கிடந்து, ஈரம் எந்தப் பக்கம் என்று பார்த்து, வயிற்றால் நகர்ந்து நகர்ந்து தண்ணிக்கே திரும்பிவிடும். அதனால் வாலைப் பிடித்துத் தூக்கிக் கல்லில் ஒரே அடி. குமராட்சிப் பக்கம் ஒரு குளக்கரையில் அந்த மே மாத மத்தியானத்தில் எனக்குக் கேட்ட சத்தங்களில் எது மீன் மண்டை, எது மனுஷன் மணிக்கட்டு என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நான் கடலூரில் வக்கீல். சிவில் பக்கம். திருப்பாதிரிப்புலியூரில் வீடு, காலையில் பஸ் ஏறினால் சிதம்பரம், அங்கிருந்து மினி பஸ்ஸில் குமராட்சி ரோடு. அந்த ரோட்டில், வயல்களுக்கு நடுவில், ஒரு அறக்கட்டளை கட்டிய சின்னப் பல்கலைக்கழகம் இருந்தது. பெயர் வேண்டாம். சேர வருகிற பிள்ளைகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்தார்கள். ஒரு துறையில் ஆசிரியர்கள் அதிகம், மாணவர்கள் குறைவு என்றாகிவிட்டது. கட்டணத்தை மட்டும் நம்பினால் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று நிதி அலுவலர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒல்லியான மனிதர், பேசும்போது பேனா மூடியைக் கடிப்பார்.

"மாற்று வருமானம் சார்," என்றார். "எதையெதை வாடகைக்கு விடலாமோ எல்லாத்தையும் விட்டுடலாம். ஆனா நாளைக்கு ஒருத்தனும் உரிமை கொண்டாடிட்டு நிக்கக் கூடாது. அதுக்குத்தான் நீங்க."

அதுக்குத்தான் நான். சுவரோரம் கட்டிய கடைகளுக்குப் பத்திரம், மாடியில் நிற்கும் செல்போன் கோபுரத்துக்குப் பத்திரம், மண் சோதனைக் கூடத்துக்கு, புளியமரங்களுக்கு, விளம்பரப் பலகைக்கு. வாடகை என்று எழுதமாட்டேன், அனுமதி என்று எழுதுவேன். வாடகைக்கு வந்தவனைக் கிளப்ப வருஷக்கணக்கில் வழக்கு நடத்த வேண்டும். அனுமதியில் வந்தவனை ஒரு கடிதத்தில் கிளப்பிவிடலாம். ஒரு வார்த்தையை மாற்றி வைத்தால் ஒரு குடும்பம் சாமான்களோடு ரோட்டில் நிற்கும். அந்த வேலையை நான் ரசித்துச் செய்தேன். கத்தி தீட்டுகிறவனுக்குக் கத்தி மேல் வருகிற ஆசை அது. வெட்டுப்படுகிற இடம் தூரத்தில் எங்கேயோ இருந்தது.

சிரிப்பதற்கும் இருந்தது. பட்டமளிப்பு அரங்கைக் கல்யாணத்துக்கு விட்டபோது முதல் மாப்பிள்ளை வீட்டார் மேடையிலிருந்த நிறுவனர் படத்தை மறைத்து மணமக்கள் படத்தைக் கட்டிவிட்டார்கள். நிறுவனர் குடும்பத்துக்குக் கோபம். நிறுவனர் படத்தை மறைக்கக் கூடாது, மாலை அணிவிக்கலாம் என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். அடுத்த கல்யாணத்தில் பெரிய மாலையாகப் போட்டு ஊதுவத்தியும் ஏற்றி வைத்தார்கள். மொய் எழுத வந்தவர்களெல்லாம் பெண்ணின் அப்பாவிடம் போய், "பெரியவரு எப்போ தவறுனாரு, சொல்லவே இல்லையே மாமா," என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். நிதி அலுவலர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எழுதுகிற காகிதம் வெளியே போய் என்ன செய்யும் என்று அப்போது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

கடைசியாகக் குளம் வந்தது.

வளாகத்தின் தென்கோடியில் நாலு ஏக்கருக்கு ஒரு பட்டாக் குளம். நிலத்தை அறக்கட்டளைக்குத் தானமாக எழுதிக் கொடுத்த மிராசுதார் வீட்டுச் சொத்து. வயலோடு சேர்ந்து இதுவும் வந்துவிட்டது. வருஷா வருஷம் உள்ளூர்க்காரர் ஒருவர் வாய்ப்பேச்சிலேயே மீன் வளர்த்துப் பிடித்து வந்தார். இனி ஏலம் விடப்போகிறோம், இடத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்றார்கள். காட்டுவதற்குத் தோட்டக்காரரை அனுப்பினார்கள்.

ஐம்பதை நெருங்கிய மனிதர். கரணை கரணையான கைகள். பதினெட்டு வருஷமாகத் தினக்கூலி. நடக்கும்போதே வழியில் காய்ந்த கிளைகளை ஒடித்துப் போட்டுக்கொண்டு வந்தார். வேலை நிரந்தரமாகப் போகிறது என்று அவரே சொன்னார்.

"இந்த வருஷம் லிஸ்ட்டுல ஆறாவது பேரு என்னுது சார். போலீஸ்ல சர்ட்டிபிகேட் ஒண்ணு வாங்கணும், மேல எந்தக் கேசும் இல்லேன்னு. நம்ம மேல இன்னா கேசு இருக்கப்போவுது. மாட்ட அவுத்து விட்டதுக்கா போடுவானுங்க."

"நிரந்தரம் ஆனா என்ன பண்ணுவீங்க?"

"ஒரு நாளு ஜொரம்னு படுப்பேன் சார். பதினெட்டு வருஷமா ஜொரத்தோடயே வந்துகினு இருக்கேன்."

கரையில் ஏறி நின்றோம். தண்ணி வற்றத் தொடங்கிச் சுற்றிலும் சேற்று வளையம். நான் எல்லைகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். அவர் கரையின் ஒரு இடத்தைக் காலால் தட்டிக் காட்டினார். புல் இல்லாமல் வழுவழுவென்று மொட்டையாக இருந்தது.

"இங்கதான் சார் வலை காயும். குத்தகைக்காரரு மூணு நாளு நாலு நாளு வலை இழுப்பாரு. போதும்னு தோணுச்சுன்னா வலைய ஒதறி இந்த எடத்துல விரிச்சிடுவாரு. வலை காஞ்சா ஊரு எறங்கலாம். மிச்ச மீனு ஊருக்கு. சொல்லி அனுப்புறதெல்லாம் இல்ல. வலையப் பாத்தாப் போதும். பொம்பளைங்க, கெழவனுங்க, கூடையோட, வேட்டியோட எல்லாம் எறங்கிடும். மிராசு காலத்துலருந்து இதான். பத்திரத்துல அதையும் ஒரு வரி சேத்துக்குங்க சார்."

சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். குறிப்புத் தாளில் எழுதவும் எழுதினேன். நிதி அலுவலர் அறைக்குப் போய் வாசித்துக் காட்டினேன். அவர் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார்.

"இது இருந்தா ஏலத் தொகை கொறையுமா?"

அவர் கேட்டது அவ்வளவுதான். அடியுங்கள் என்று சொல்லவில்லை. நான்தான், குறையும் சார், ஏலம் எடுக்கிறவன் யோசிப்பான் என்று சொல்லி, அவர் எதிரிலேயே அந்த வரியின் மேல் கோடு போட்டேன். கோடு போட்டதோடு நிற்காமல் அந்த இடத்தில் வேறொன்று எழுதினேன். "வெளியாள் எவரும் குளத்தில் இறங்காதவாறு தடுக்கத் தேவையான எல்லா நடவடிக்கைகளையும் அனுமதி பெற்றவர் எடுத்துக்கொள்ளலாம்." திரும்ப ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். வாக்கியம் தடங்கலில்லாமல் ஓடியது.

ஏலத்தில் எடுத்தவர் கடலூர் துறைமுகப் பக்கத்து மீன் வியாபாரி. கழுத்து தடித்த, சிரித்த முகமான மனிதர். பார்க்கிற எல்லாரையும் மச்சான் என்பார். என்னை மட்டும் வக்கீல் மச்சான் என்றார். பத்திரத்தின் நகலை லேமினேட் செய்து மோட்டார் சைக்கிள் பெட்டியிலேயே வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு நான் கடைக்காரர்களிடம் கையெழுத்து வாங்குவதற்காக வந்திருந்தேன். வெயில் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. குளத்தில் இரண்டாம் நாள் வலை. காலையில் வலை தண்ணிக்குள் கிடந்த ஒரு மரக்கட்டையில் மாட்டி நீளமாகக் கிழிந்துவிட்டது. வியாபாரியின் ஆட்கள் அதைக் கரைக்குக் கொண்டுவந்து, தைப்பதற்கு வசதியாகப் புல் இல்லாத இடமாகப் பார்த்து விரித்துப் போட்டார்கள். விரித்துவிட்டு, நூல் வாங்கச் சிதம்பரத்துக்கு ஒருவனை அனுப்பிவிட்டு, மற்றவர்கள் புளியமர நிழலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். கடல்பக்கத்து ஆட்கள். அவர்களுக்கு வலை என்றால் வலை, கரை என்றால் கரை.

தோட்டக்காரர் குழாயைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருந்தார். வலையைப் பார்த்தார். குழாயைப் போட்டுவிட்டு வேலி ஓரம் போய்த் தெருப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வலை காயுது."

சத்தம் கேட்டு நான் அறையை விட்டு ஓடி வந்தபோது ஊர் முழுக்கக் குளத்தில் நின்றது. இடுப்பளவு சேற்றில் ஆண்களும் பெண்களும். கூடையைக் கவிழ்த்து அமுக்குகிறார்கள், புடவையை விரித்து அள்ளுகிறார்கள், ஒருத்தன் பிடித்த மீனை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் இன்னொன்றைத் துழாவுகிறான். தண்ணி கொதிக்கிற மாதிரி கொப்பளித்தது. விரால்கள் கரையில் கற்களின் மேல் அறைபட்டன. செவுள் கிழிந்து ரத்தம் சேற்றில் கோடு கோடாக ஓடியது. கெளுத்தி முள் குத்தி ஒரு பெண் கையை உதறிக்கொண்டே சிரித்தாள். சாவு அவ்வளவு சந்தோஷமாக நடப்பதை நான் பார்த்ததில்லை.

நிழலில் இருந்தவர்கள் எழுந்தார்கள். சவுக்குக் கழிகளோடு இறங்கினார்கள். அவர்கள் பார்வையில் அது பட்டப்பகல் கொள்ளை. ஊருக்கோ அது உரிமை. இரண்டு பக்கமும் ஒரு துளி சந்தேகம் இல்லாமல் மோதின. சேற்றில் ஓட முடியாது. அடிபட்டவர்கள் அடிபட்ட இடத்திலேயே நின்று அடுத்த அடியையும் வாங்கினார்கள். ஒரு கழி ஒருவன் முகத்தில் குறுக்காக விழுந்தது. துப்பியபோது பல்லும் மண்ணும் சேர்ந்து வந்தன. மீன் அடித்த கற்கள் இப்போது மனிதர்கள் மேல் பறந்தன. வியாபாரியின் ஆள் ஒருவன் நெற்றி பிளந்து மல்லாக்க விழுந்தான். அவனைத் தூக்கப் போனவனையும் அடித்தார்கள்.

தோட்டக்காரர் நடுவில் புகுந்து இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு கத்தினார்.

"வலை காஞ்சுதுல்ல? நீங்கதான வலைய விரிச்சீங்க? விரிச்சிட்டு எதுக்கு அடிக்கிறீங்க?"

"எவன்டா இவன், வலை காஞ்சா உனக்கு இன்னா," என்றான் கழி வைத்திருந்தவன். தலைக்கு வந்த அடியை அவர் வலது கையால் தடுத்தார். மணிக்கட்டு ஒடிந்து கை பின்பக்கமாகத் தொங்கியது. அவர் கையைப் பார்த்தார், பிறகு அடித்தவனைப் பார்த்தார், பிறகு கரையில் நின்ற என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க சொல்லுங்க சார். ஒங்ககிட்ட சொன்னேன்ல."

அதே நேரத்தில் வியாபாரி மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்து லேமினேட் போட்ட நகலை எடுத்துத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு வந்தார். "எல்லா நடவடிக்கையும் எடுக்கலாம்னு எழுதியிருக்குது. எழுதுனவரே இங்க நிக்கிறாரு, கேட்டுக்கோங்க. வக்கீல் மச்சான், படிச்சுக் காட்டுங்க."

இரண்டு பேர் என்னிடம் வாயைத் திறக்கச் சொன்னார்கள். நான் திறக்கவில்லை. கரையில் உலர்ந்த இடமாகப் பார்த்து நின்றிருந்தேன். என் செருப்பில்கூட சேறு படவில்லை.

பல்கலைக்கழகம் புகார் கொடுத்தது. பத்திரத்தின்படி அது கொடுத்தாக வேண்டும். அத்துமீறல், திருட்டு, கூட்டமாகச் சேர்ந்து கலகம். ஊரில் பதினோரு பேர். குரல் கொடுத்து அழைத்தவர் என்பதால் தோட்டக்காரர் முதல் எதிரி. வியாபாரியின் ஆட்கள் மேல் தனியாக அடிதடி வழக்கு. நிரந்தரப் பட்டியல் ஒட்டியபோது ஆறாவது பேருக்கு நேரே, வழக்கு முடியும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது என்று இருந்தது. ஒரு வருஷத்துக்குள் முடியாவிட்டால் அந்த இடம் ஏழாவது ஆளுக்குப் போகும்.

அடுத்த மாதங்களில் நான் சரியாகத் தூங்கியதாக ஞாபகம் இல்லை, சரியாகச் சாப்பிட்டதாகவும் இல்லை. திருவந்திபுரம் கோயில் படியில் போய் உட்கார்ந்து கெடிலம் ஆற்றைப் பார்ப்பேன். மணல்தான் இருக்கும், பார்க்க ஒன்றும் இருக்காது. கோபம் வரும். யார் மேல் என்று தெரியாமல் வீட்டில் தட்டை விட்டெறிந்தேன். கோர்ட்டில் ஒரு குமாஸ்தாவைக் காரணமில்லாமல் திட்டினேன். ஒரு நாள், எதிரில் வந்த ஆட்டோக்காரரோடு அற்பத்துக்குச் சண்டை போட்டு, அவர் சட்டையைப் பிடித்துவிட்டுத்தான் என் கையையே கவனித்தேன். நன்றாக இறுக்கிப் பிடிக்கிற, சேதமில்லாத வலது கை.

ஊர்க்காரர்களுக்காக ஆஜரானவர் சிதம்பரத்தில் என்னைவிட இளைய ஒரு பெண் வக்கீல். அவரிடம் போனேன். "எடுக்கும்போது திருடுறோம்ங்கிற எண்ணம் இருந்தாத்தானே திருட்டு," என்றேன். "உரிமை இருக்குதுன்னு மனசார நம்பி இறங்கியிருக்காங்க. சண்டைக்கு முன்னாடியே, பத்திரம் எழுதறதுக்கு முன்னாடியே அந்தத் தோட்டக்காரர் என்கிட்ட அந்த வழக்கத்தச் சொன்னாரு. நான் கூண்டுல ஏறிச் சொல்றேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யுனிவர்சிட்டியோட வக்கீல் சார். கட்சிக்காரர் ரகசியம்."

"கட்சிக்காரர் சொன்னதை நான் சொல்லக் கூடாது. தோட்டக்காரர் என் கட்சிக்காரர் இல்ல. இவர் குளக்கரையில சொன்னதைச் சொல்லலாம்."

"சொன்னா அப்புறம் ஒங்களுக்கு எந்தக் காலேஜும் வேலை குடுக்காது."

"தெரியும்மா."

பல்கலைக்கழகத்துக்கு விலகல் கடிதத்தை அனுப்பிவிட்டுத்தான் கூண்டில் ஏறினேன். வலை, மொட்டையான இடம், வலை காய்ந்தால் ஊர் இறங்கும் என்று அவர் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டக்காரர் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நின்றார். அரசு வக்கீல் எழுந்தார். நிதானமாகக் கேட்டார்.

"இவ்வளவு தெரிஞ்ச நீங்க, அதை ஏன் பத்திரத்துல எழுதல?"

நான் பதில் சொல்லவில்லை. நிதி அலுவலர் அறைக்குள் நடந்ததைச் சொன்னால் கட்சிக்காரர் ரகசியம் உடையும். அது உண்மை. நீதிபதியும், சாட்சி அதற்குப் பதில் சொல்லக் கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ரகசியத்தின் மேல் அக்கறை இல்லை. கோடு போட்டது என் கை என்று தோட்டக்காரர் எதிரில் சொல்லாமல் தப்பிக்க ஒரு சட்டம் கிடைத்தது; அதற்குள் நுழைந்து கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

வெளியே வந்து மரத்தடி வண்டிகளுக்கு நடுவில் நடந்தபோது பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்தது. தோட்டக்காரரின் இடது கை. திருப்பி, கார் கதவின் மேல் மோதினார்.

"இன்னிக்கு வந்து சொல்றியே. அன்னிக்கு ஏன் எழுதல? கோர்ட்டுல அந்த வக்கீலு கேட்டாருல்ல, வாய் இல்ல ஒனக்கு? யாரு வெட்டச் சொன்னா?"

"யாரும் சொல்லல," என்றேன். "நானேதான் அந்த வரிய அடிச்சேன்."

அவர் தலையால் என் முகத்தில் இடித்தார். மூக்கில் சூடாக ஒழுகி உதட்டில் உப்புக் கரித்தது. காவலர் ஒருவர் ஓடி வந்து அவரைப் பின்னால் இழுத்தார். கேஸ் போடட்டுமா சார் என்று கேட்டார். இன்னொரு வழக்கு என்றால் ஆறாவது இடம் அதோடு போய்விடும். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. தோட்டக்காரர் மூச்சு வாங்க என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை.

"தெரிஞ்சவருதான்," என்றேன். "தடுக்கி விழுந்துட்டேன்."

வருஷம் முடியப் பதினேழு நாள் இருக்கும்போது பதினோரு பேரும் விடுதலையானார்கள்.

என்னிடமிருந்த மூலப் பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க ஒருமுறை அங்கே போக வேண்டியிருந்தது. வாசலில் அவர் நின்றார். நீலச் சட்டை, தொப்பி. மணிக்கட்டு மடங்காததால் தோட்ட வேலைக்கு ஆகாது என்று காவலுக்குப் போட்டிருந்தார்கள்.

"யாரப் பாக்கணும்?"

"நிதி அலுவலரை. பத்திரம் குடுக்கணும்."

"உள்ள வுட முடியாது. இங்கயே குடுங்க, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன்."

பத்திரக் கட்டை நீட்டினேன். ரசீதை மேசையில் வைத்துப் பேனாவை இடது கையில் பிடித்தார். பழக்கமில்லாத கை. எழுத்து ஒவ்வொன்றையும் குத்திக் குத்தி எழுதினார். பேரை எழுதி முடித்த பிறகும் நிறுத்தவில்லை. அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, காவலர், நிரந்தரம் என்று எழுதினார். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்தபோது பேனா தாளைப் பொத்துக்கொண்டு மேசையில் இறங்கியது.

"போலாம்," என்றார்.